பிறந்த ஊரைக் கேட்கும் நோய்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது, மருத்துவர்களிலேயே பலர் நேரில் பார்த்திராத ஒரு ரத்தப் புற்றுநோய். எச்.டி.எல்.வி.-1 என்ற வைரஸால் வருவது. வயது வந்தோரின் டி செல் ரத்தப் புற்றுநோய் என்று பெயர், சுருக்கமாக ஏ.டி.எல். அபூர்வமான ஒரு நோய்க்கு ஒரு மாலைப் பொழுதைக் கொடுக்க வேண்டுமா என்று சிலருக்குத் தோன்றலாம். ஒரு புற்றுநோயைக் கண்டறிந்துவிட்டோம் என்று எப்போது சொல்லலாம், என்னென்ன தெரிந்தபிறகு சொல்லலாம் என்பதை எனக்கு அழுத்தமாகக் கற்றுக்கொடுத்தது இந்த நோய்தான். அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

கதை ஜப்பானில், 1970களில் தொடங்குகிறது. லிம்போசைட்டுகளை டி செல், பி செல் என்று பிரித்துப் பார்ப்பது அப்போதுதான் பழக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. இன்றுள்ள கருவிகள் ஏதும் இல்லை. நோயாளியின் வெள்ளணுக்களோடு செம்மறியாட்டின் சிவப்பணுக்களைக் கலந்து வைப்பார்கள். எந்த லிம்போசைட்டைச் சுற்றி ஆட்டுச் சிவப்பணுக்கள் ஒட்டிக்கொள்கின்றனவோ, அது டி செல். இந்த எளிய சோதனையை வைத்துக்கொண்டுதான் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் கியோஷி தகாட்சுகியும் தகாஷி உச்சியாமாவும் அவர்களுடைய குழுவினரும் ஒரு புதிய நோயைப் பிரித்தெடுத்தார்கள்.

டி செல் ரத்தப் புற்றுநோய் என்றால் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் வருவது, நெஞ்சுக்குள் தைமஸ் சுரப்பி பெருத்திருக்கும் என்பதே அன்றைய பாடம். கியோட்டோவுக்கு வந்தவர்களோ வயது முதிர்ந்தவர்கள். நெஞ்சில் கட்டி இல்லை. தோலில் தடிப்பும் முண்டும் இருந்தன. கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டியிருந்தது. கல்லீரலும் மண்ணீரலும் வீங்கியிருந்தன. ரத்தத்தில் இருந்த டி செல்களின் உட்கரு மடிந்து, பிளந்து, இதழ் பிரிந்து கிடந்தது. 1977இல் இத்தகைய 16 நோயாளிகளைப் பற்றி ‘பிளட்’ ஆய்விதழில் எழுதியபோது, அவர்கள் பிறந்த இடங்களையும் சேர்த்து எழுதினார்கள். பெரும்பாலானோர் ஜப்பானின் தென்மேற்கில் உள்ள கியூஷு தீவில் பிறந்தவர்கள்.

அந்தக் கட்டுரையில் நான் மிகவும் மதிப்பது அந்தத் தகவலைத்தான். நோயாளிகள் வைத்தியத்துக்கு வந்தது கியோட்டோவுக்கு. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்து பல காலம் ஆனவர்களும் இருந்திருப்பார்கள். இப்போதைய முகவரியோடு நின்றிருந்தால் எந்த ஒற்றுமையும் புலப்பட்டிருக்காது. பிறந்த ஊரைக் கேட்டு எழுதியதால், ஒரு நோயின் வரைபடம் கண்ணுக்குத் தெரிந்தது. சிறுவயதில், ஒரே நிலப்பகுதியில், ஏதோ ஒன்று இவர்கள் உடம்புக்குள் போயிருக்கிறது என்ற ஐயம் அங்கிருந்துதான் எழுந்தது.

அந்த ஏதோ ஒன்று வைரஸ் என்பது இரண்டு நாடுகளில் தனித்தனியே தெளிவானது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ராபர்ட் கேலோவின் ஆய்வகம், டி செல்களைச் சோதனைக்கூடத்தில் வளர்க்க உதவும் ஒரு புரதத்தை 1976இல் கண்டறிந்திருந்தது. அதன் துணையோடு பெர்னார்ட் போயெஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஒரு நோயாளியின் டி செல்களை வளர்த்து, அதிலிருந்து ஒரு ரெட்ரோவைரஸைப் பிரித்தார்கள். 1980இல் வெளியான அந்த அறிக்கைதான் மனிதரைத் தாக்கும் ரெட்ரோவைரஸ் பற்றிய முதல் அறிக்கை. எச்.ஐ.வி. அதற்குப் பிறகு வந்தது. ஒன்றைக் கவனியுங்கள். வைரஸைத் தந்த அந்த நோயாளிக்கு அப்போது சொல்லப்பட்டிருந்த நோய், தோலில் வரும் டி செல் லிம்போமா. இன்றும் ஏ.டி.எல்.லை எந்த நோயென்று தவறாக எண்ணுகிறோமோ, அதே நோய்.

ஜப்பானில் யோரியோ ஹினுமா 1981இல் வேறு வழியில் போனார். இசாவோ மியோஷி ஒரு ஏ.டி.எல். நோயாளியிடமிருந்து எடுத்து வளர்த்த செல்களின்மேல் பலருடைய ரத்தச் சீரத்தை விட்டுப் பார்த்தார். அவர் சோதித்த ஏ.டி.எல். நோயாளிகள் அனைவரிடமும் அந்தச் செல்லில் இருந்த ஏதோவொரு பொருளுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது. நோய் மிகுந்த பகுதிகளில் நலமாக நடமாடிக்கொண்டிருந்த பெரியவர்களிலும் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அதே ஆன்டிபாடி இருந்தது. மற்றப் பகுதிகளில் அது மிகமிகக் குறைவு. அடுத்த ஆண்டே மிட்சுவாகி யோஷிதா, இந்த வைரஸின் மரபணு ஏ.டி.எல். செல்களின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே பொதிந்திருப்பதைக் காட்டினார். அமெரிக்க வைரஸும் ஜப்பானிய வைரஸும் ஒன்றே என்பது பிறகு உறுதியானது.

1982இல் லண்டனில் டேனியல் கடோவ்ஸ்கியும் அவர் குழுவினரும் இதே நோயை அங்கே கண்டார்கள். நோயாளிகள் வாழ்ந்தது இங்கிலாந்தில்; பிறந்தது கரீபியத் தீவுகளில். மீண்டும் பிறந்த ஊர்தான் துப்புக் கொடுத்தது. இன்று கியூஷு, ஒகினாவா, கரீபியத் தீவுகள், பிரேசிலின் சில பகுதிகள், பெரு, மேற்கு நடு ஆப்பிரிக்கா, ஈரானின் மஷ்ஹத், ருமேனியா, ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் வாழும் பழங்குடியினர் என்று இந்த வைரஸ் திட்டுத்திட்டாக உலகெங்கும் பரவியிருப்பது தெரியும். வைரஸ் உள்ளவர்கள் குறைந்தது 50 லட்சத்திலிருந்து 1 கோடி பேர் என்பது 2012இல் வெளியான கணிப்பு.

ஏன் பிறந்த ஊர்? தாய்ப்பால் வழியாகத்தான் இந்த வைரஸ் பெரும்பாலும் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் போகிறது. உடலுறவு, ரத்தம் ஏற்றுதல், உறுப்பு மாற்று ஆகியவற்றாலும் பரவும். ஆனால் புற்றுநோயாக மாறுவது ஏறத்தாழ எப்போதும் குழந்தைப்பருவத்தில் பெற்ற தொற்றுதான். பால்குடி வயதில் உள்ளே போன வைரஸ் ஐம்பது, அறுபது ஆண்டுகள் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, பேரன் பேத்தி எடுத்த வயதில் புற்றுநோயாக வெளிப்படும். ஜப்பானில் இன்று இந்த நோய் தொடங்கும் சராசரி வயது அறுபதுகளில் இருக்கிறது. கரீபியத்திலும் பிரேசிலிலும் அதைவிட இளையவர்களுக்கு வருகிறது. ஆகவே நோயாளியின் ஊரோடு அவருடைய தாயார் பிறந்த ஊரையும் கேட்க வேண்டும்.

இனி நோயாளி எப்படி வருகிறார் என்று பார்ப்போம். தோல் மருத்துவரிடம் ஆறாத தடிப்போடு வருவார். பொது மருத்துவரிடம் நெறிகட்டோடு வருவார். சிலர் நேரே அவசரப் பிரிவுக்கு வந்துசேர்வார்கள்: தீராத தாகம், மலச்சிக்கல், எழுந்து உட்கார முடியாத அசதி, பேச்சில் குழப்பம். “இரண்டு வாரமாக ஆள் ஆளாகவே இல்லை” என்பார்கள் வீட்டார். ரத்தத்தில் கால்சியம் ஏகத்துக்கும் ஏறியிருக்கும். புற்று செல்கள் சுரக்கும் பொருள்கள் எலும்பைக் கரைப்பதால் வரும் விளைவு இது. கால்சியம் ஏறினால் பாராதைராய்டு சுரப்பியையும் மைலோமாவையும் நினைக்கப் பழகியிருக்கிறோம். அது சரிதான். அந்தப் பட்டியலில் ஏ.டி.எல்.லுக்கும் ஓர் இடம் வேண்டும் என்கிறேன்.

இன்னும் சிலருக்குப் புற்றுநோய் தெரிவதற்கு முன்பே அரிய தொற்றுகள் வந்துவிடும். நோய் பிடித்திருப்பது நோய் எதிர்ப்பை நடத்தும் செல்களையே என்பதால், நல்ல உடம்பைத் தொடாத நியுமோசிஸ்டிஸ் போன்ற கிருமிகள் நுரையீரலில் குடியேறும். எச்.ஐ.வி. இல்லை என்று சோதனை சொல்லும். அத்தோடு தேடலை நிறுத்திவிடும் வழக்கத்தை நாம் விட வேண்டும்.

அடுத்து, என் வாழ்நாளில் பெரும்பகுதியை நான் செலவிட்டிருக்கும் இடத்துக்கு, நுண்ணோக்கிக்கு வருகிறேன். கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைப் பூசிச் சாயமேற்றிப் பார்க்கும்போது, தீவிர வகை ஏ.டி.எல்.லில் உட்கரு பல மடல்களாகப் பிரிந்த லிம்போசைட்டுகள் தெரியும். பூ செல் என்று உலகமே அவற்றை அழைக்கிறது. தேர்ந்த கண்ணுக்கு நிறைய பூ செல்களைப் பார்த்தாலே நோய் தெரிந்துவிடும் என்பது உண்மை. ஆனால் மாணவர்கள் இரண்டு எச்சரிக்கைகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். ரத்தம் குழாயில் பல மணி நேரம் கிடந்தபிறகு தகட்டில் பூசினால், நல்ல லிம்போசைட்டின் உட்கருவும் மடிந்து தெரியும். எனவே தகட்டை உடனே தயாரிக்க வேண்டும். இன்னொன்று, தானியங்கிக் கருவி தரும் வெள்ளணு எண்ணிக்கை இயல்பாக இருந்தால் பலர் தகட்டைப் பார்ப்பதே இல்லை. இந்த நோயின் நான்கு வகைகளைப் பின்னால் சொல்கிறேன்; அவற்றில் ஒன்றான நீறுபூத்த வகையில் மொத்த லிம்போசைட் எண்ணிக்கை இயல்பாகவே இருக்கும். அவற்றுள் 5 சதவீதமோ அதற்கு மேலோ இயல்பு திரிந்தவையாக இருக்கும். அந்த 5 சதவீதத்தை மனிதக் கண்தான் பிடிக்க வேண்டும்.

ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பார்த்தால் இவை முதிர்ந்த டி செல்கள். சிடி4 இருக்கும், சிடி8 இருக்காது. சிடி3 மங்கலாகத் தெரியும். சிடி7 காணாமல் போயிருக்கும். சிடி25 பளிச்சென்று இருக்கும். தோல் டி செல் லிம்போமாவின் ஒரு வகையான சேசரி நோய்க்குறியிலும் சிடி7 குறையும், சிடி26 மறையும். தோலும் சிவந்து உரியும். இரண்டும் குழம்புவது இங்கேதான். சிடி25 வலுவாக இருந்தால் ஏ.டி.எல். பக்கம் சாயலாம். சாயலாம் என்றுதான் சொல்கிறேன். தோல் பயாப்சியை மட்டும் வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முயல்வது, என் அனுபவத்தில், வீண் வேலை. வைரஸைத் தேடாமல் முடிவுக்கு வர முடியாது.

வைரஸைத் தேடுவது எப்படி? முதலில் ஆன்டிபாடி சோதனை. அது உண்டு என்று வந்தால், எச்.டி.எல்.வி.-2 என்ற நெருங்கிய உறவு வைரஸா, அல்லது வெறும் பொய் முடிவா என்று பிரிக்க வெஸ்டர்ன் பிளாட் அல்லது அதுபோன்ற உறுதிச் சோதனை. அதுவும் தெளிவில்லாமல் வந்தால் பி.சி.ஆர். இந்த வைரஸ் ரத்த நீரில் மிதந்து திரிவதில்லை. ஒரு செல்லிலிருந்து ஒட்டியிருக்கும் இன்னொரு செல்லுக்குத் தாவிப் பரவுகிறது. அதனால் பி.சி.ஆருக்கு வெள்ளணுக்களைத்தான் அனுப்ப வேண்டும். பிளாஸ்மாவை அனுப்பிப் பயனில்லை.

ஆன்டிபாடி உறுதியாகிவிட்டது, நோயாளிக்கு டி செல் லிம்போமாவும் இருக்கிறது. அப்படியானால் இது ஏ.டி.எல். தானே? இந்தக் கேள்விக்குக் கியூஷுவின் ககோஷிமாவில் ஒரு விடை, சென்னையில் ஒரு விடை. வைரஸ் பரவலாக உள்ள ஊரில், அதைச் சுமந்துகொண்டிருப்பவருக்கு அதோடு தொடர்பில்லாத வேறொரு லிம்போமா வருவது இயல்பே. அங்கே ஆன்டிபாடி மட்டும் எதையும் நிரூபிக்காது. வைரஸ் அரிதாக உள்ள ஊரில், சிடி25 பளிச்சிடும் டி செல் புற்றும் உறுதிசெய்யப்பட்ட ஆன்டிபாடியும் ஒருவரிடமே தற்செயலாகச் சேரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் அதே அரிதான ஊரில், நலமானவரிடம் செய்யும் முதற்கட்டச் சோதனை உண்டு என்று வந்தால், அது பொய்யாக இருக்கும் வாய்ப்பே அதிகம். ஒரே காகிதத்தில் ஒரே முடிவு அச்சாகி வருகிறது. அதன் எடை ஊருக்கு ஊர் மாறுகிறது. ஆய்வக அறிக்கையைப் படிப்பவர் ஊரையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

முழு நிரூபணம் வேண்டுமென்றால், புற்று செல்லுக்குள்ளேயே வைரஸ் இருப்பதைக் காட்ட வேண்டும். வைரஸ் ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ.வின் வெவ்வேறு இடத்தில் போய்ப் பொதியும். அது பொதிந்த இடம் அந்தச் செல்லுக்கு ஒரு சர்வே எண் போல. வைரஸைச் சுமப்பவராக மட்டும் இருப்பவரின் ரத்தத்தில் ஆயிரக்கணக்கான சர்வே எண்கள் கலந்து கிடக்கும். புற்றுநோயில் ஒரே செல்லின் கால்வழி பெருகியிருப்பதால், ஒரே எண் திரும்பத் திரும்ப வரும். சதர்ன் பிளாட் என்ற பழைய முறையில் இது ஒற்றைப் பட்டையாகத் தெரியும். கியூஷுவில் இன்றும் நோயை உறுதிசெய்யும் சோதனை என்று இதைத்தான் மதிக்கிறார்கள். இப்போது மரபணு வரிசையாக்கத்தாலும் பார்க்கலாம். மெழுகில் பதித்த பயாப்சித் துண்டிலேயே வைரஸின் எச்.பி.இசட். மரபணுவின் ஆர்.என்.ஏ.வைச் சாயமிட்டுக் காட்டும் முறையும் வந்திருக்கிறது. ரத்தத்தில் புற்று செல்லே தெரியாத நெறிக்கட்டி வகைக்கு அது பெரிய உதவி.

நம் அறுவை மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நெறிக்கட்டியை எடுத்தால் முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிடாதீர்கள். ஒரு சிறு துண்டைப் பச்சையாகவே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். டி.என்.ஏ.வும் ஃப்ளோ சைட்டோமெட்ரியும் அந்தத் துண்டை நம்பித்தான் இருக்கின்றன.

உறுதியான பிறகும் வேலை முடிவதில்லை. 1991இல் மசானோரி ஷிமோயாமா 818 நோயாளிகளின் தரவை வைத்து நோயைத் தீவிர வகை, நெறிக்கட்டி வகை, நாட்பட்ட வகை, நீறுபூத்த வகை என நான்காகப் பிரித்தார். லிம்போசைட் எண்ணிக்கை, கால்சியம், எல்.டி.எச்., எந்தெந்த உறுப்பில் நோய் இருக்கிறது என்பவையே அளவுகோல். அந்தத் தொகுப்பில் தீவிர வகையினரில் பாதிப் பேர் 6 மாதத்துக்குச் சற்று மேலாகவே உயிர்வாழ்ந்தார்கள். நெறிக்கட்டி வகையில் அது 10 மாதம், நாட்பட்ட வகையில் 24 மாதம். அதன்பிறகு 2012இல் ஜப்பானில் மொகாமுலிசுமாப் மருந்து வந்தது, எலும்பு மஜ்ஜை மாற்று சிலரைக் காப்பாற்றுகிறது. ஆயினும் தீவிர வகை இன்றும் கொடிய நோய்தான். வகை பிரிப்பதில் வைத்தியமே அடங்கியிருக்கிறது. சிடோவுடினும் இன்டர்ஃபெரானும் சேர்ந்த வைத்தியம் ரத்தத்தில் தெரியும் வகைகளுக்குப் பலன் தரும். நெறிக்கட்டி வகைக்கு முதலில் வேண்டியது கீமோதெரபி. மஜ்ஜை கொடுக்க உடன்பிறந்தவர் முன்வந்தால் அவரையும் சோதிக்க வேண்டும். ஒரே தாயிடம் பால் குடித்தவர் அல்லவா? இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, ஸ்டீராய்டு தொடங்குமுன், மலத்திலும் ரத்தத்திலும் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் புழுவைத் தேட வேண்டும். வெறுங்காலோடு மண்ணில் நடப்பவர்களின் தோல்வழி ஏறும் புழு அது. இந்த வைரஸ் உள்ள உடம்பில் அது கட்டுக்கடங்காமல் பெருகி உயிரைப் பறித்துவிடும்.

இனி நலமானவர்களைப் பற்றி. வைரஸ் இருக்கிறது என்பதும் புற்றுநோய் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. சுமப்பவர்களில் வாழ்நாள் முழுவதும் சேர்த்து 100க்கு ஏறத்தாழ 5 பேருக்கே ஏ.டி.எல். வருகிறது, ஆண்களுக்குச் சற்று அதிகம், பெண்களுக்குக் குறைவு. ஜப்பானில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், நோய் வந்தவர்கள் அனைவருக்குமே 100 வெள்ளணுக்களில் 4க்கு மேற்பட்ட வைரஸ் பிரதிகள் தொடக்கத்திலேயே இருந்தன. யாரைக் கண்காணிக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல வழிகாட்டி. ஒருவரிடம் சோதனை முடிவைச் சொல்லும்போது ‘புற்றுநோய் வைரஸ்’ என்ற சொல்லை வீசிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுவது பெரிய கொடுமை. உட்காரவைத்து, இந்தக் கணக்கைப் புரியும்படி சொல்ல வேண்டும். அது மருத்துவரின் கடமை.

தடுக்கவும் முடியும். நாகசாகி மாநிலத்தில் 1987 முதல் கருவுற்ற பெண்களைச் சோதித்து, வைரஸ் உள்ள தாய்மாரிடம் புட்டிப்பால் கொடுக்க ஆலோசனை சொன்னார்கள். நெடுநாள் தாய்ப்பால் குடித்த பிள்ளைகளில் 20 சதவீதம் அளவுக்கு இருந்த தொற்று, புட்டிப்பால் குடித்தவர்களில் 2.5 சதவீதம் அளவுக்கு இறங்கியது. ஜப்பான் 1986 முதலே தானமாகப் பெறும் ரத்தத்தை இந்த வைரஸுக்காகச் சோதிக்கிறது. ஆனாலும் கருவுற்றோர் சோதனை நாடு முழுவதற்கும் வர 2010 வரை ஆனது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் மியாகி மாநில முன்னாள் ஆளுநர் ஷிரோ அசானோ தமக்கு ஏ.டி.எல். இருப்பதை ஊரறியச் சொல்லியிருந்தார். கியூஷுவின் நோயாளிகளும் இந்தச் சோதனையைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தார்கள். இது எங்கோ தெற்கில் உள்ளவர்களின் நோய் என்று தலைநகரம் ஒதுக்கிவைத்த காலத்தில் எத்தனை குழந்தைகளுக்குத் தொற்று போயிருக்கும் என்று நினைத்தால் மனம் பதைக்கிறது.

நம் நாட்டு நிலை என்ன? தென்னிந்திய ரத்தப் புற்று நோயாளிகளிடம் எச்.டி.எல்.வி.-1 இருப்பதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1990களின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார்கள். ஆகவே இது நமக்கு அந்நியமான நோய் அல்ல. நம் ரத்த வங்கிகளில் எச்.ஐ.வி., இரண்டு மஞ்சள்காமாலை வைரஸ்கள், சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதனை கட்டாயம்; இந்த வைரஸ் அந்தப் பட்டியலில் இல்லை. பரவல் குறைவாக உள்ள நாட்டில் ரத்தப் பை ஒவ்வொன்றையும், கருவுற்ற பெண் ஒவ்வொருவரையும் சோதிக்கச் சொல்வது சரியாகாது என்பதே என் கருத்து. பொய் முடிவுகளால் தாய்ப்பாலை நிறுத்தும் அம்மாக்கள்தான் மிகுவார்கள். ஏழை வீட்டில் புட்டிப்பால் தரும் கேடு இந்த வைரஸ் தரும் கேட்டைவிடப் பெரிது.

ஆனால் டி செல் லிம்போமா உள்ள நோயாளியைச் சோதிக்காமல் விடுவதற்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. அவருக்கு அந்த ஒரு சோதனையால் வைத்தியம் மாறும். புழுவுக்கு மருந்து முன்கூட்டியே கிடைக்கும். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தாருக்கும் சரியான ஆலோசனை கிடைக்கும். சேசரி என்றும் வகைப்படாத டி செல் லிம்போமா என்றும் அடங்கிக் கிடக்கும் நம் கோப்புகளுக்குள் எத்தனை ஏ.டி.எல். இருக்கிறது என்பது தேடினால்தான் தெரியும்.

இங்கே அமர்ந்திருக்கும் நோயியல் மாணவர்களிடம் நான் கேட்பது இதுதான். வயது வந்த ஒருவருக்குச் சிடி4 வகை முதிர்ந்த டி செல் லிம்போமா என்று அறிக்கை எழுதும்போது, அதன் கீழே ‘எச்.டி.எல்.வி.-1 ஆன்டிபாடி சோதனை அவசியம்’ என்று ஒரு வரியும் சேர்த்து எழுதுங்கள். வார்டில் இருக்கும் மருத்துவர் மறந்தாலும், அந்த வரி அவருக்கு நினைவூட்டும்.